மறுமலர்ச்சிக் கால ஓவியம் யார் யார் கைமாறி வந்தது? உடைமை வரலாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் ஓவியம் வரையப்பட்ட நாளிலிருந்து இன்று தொங்கும் சுவர் வரை எவரெவரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதை ஆவணங்களைக் கொண்டு நிறுவுவதே உடைமை வரலாற்று ஆய்வு. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை விளக்க இங்கே பெரும்பாலும் ஒரே ஓவியத்தை எடுத்துக்கொள்கிறோம்: யான் வான் ஐக் 1434இல் வரைந்து, இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ஆர்னோல்ஃபினி தம்பதி ஓவியம். தேவைப்படும் இடங்களில் வேறு சில ஓவியங்களும் வரும்.

உடைமை வரலாறு எதற்காகத் தேவைப்படுகிறது?

நிலம் வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்பது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும் முதலில் தேவைப்படுகிறது: விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். ஆனால் ஓவியங்களுக்குப் பதிவு அலுவலகம் எதுவும் கிடையாது. கைமாறியதற்கான சான்றுகள் உயில்களிலும், இறந்தவரின் பொருட்பட்டியல்களிலும், ஏலக்கடைப் புத்தகங்களிலும், கடிதங்களிலும், ஓவியத்தின் முதுகிலும் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்து வரிசைப்படுத்துவது ஆய்வாளரின் பொறுப்பு.

உரிமையைத் தவிர இன்னும் இரண்டு பயன்கள் உண்டு. ஓவியரின் காலத்துக்கு அருகிலேயே ஓர் ஆவணம் அந்த ஓவியத்தை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லியிருந்தால், அது அவருடையதுதான் என்ற முடிவு வலுப்பெறும். ஓவியத்தில் இருப்பவர் யார், அது முதலில் எந்தத் தோற்றத்தில் இருந்தது என்பன போன்ற கேள்விகளுக்கும் பல நேரங்களில் பழைய உடைமையாளர்களின் பட்டியல்களில்தான் விடை கிடைக்கிறது.

தேடலை ஓவியரிடமிருந்து தொடங்குவதா, இன்றைய உடைமையாளரிடமிருந்து தொடங்குவதா?

இன்றைய உடைமையாளரிடமிருந்து பின்னோக்கிப் போவதே பாதுகாப்பானது. ஓவியரிடமிருந்து முன்னோக்கி வந்தால், "இந்த அரசர் லியனார்டோவின் ஓவியம் ஒன்றை வைத்திருந்தார்" என்ற வரியைப் பார்த்தவுடன் அது நம் கையில் இருக்கும் ஓவியம்தான் என்று நம்பிவிடும் ஆசை வரும். ஒரே பொருளில் பத்துப் பேர் வரைந்திருப்பார்கள். பட்டறையில் நகல்கள் எடுக்கப்பட்டிருக்கும். பின்னோக்கிச் செல்லும்போது ஒவ்வொரு படியிலும் நாம் தேடுவது குறிப்பிட்ட இந்த ஒரு பொருளைத்தான் என்பதால், ஊகத்துக்கு இடம் குறைகிறது.

ஓவியத்தின் பின்புறத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முன்புறத்தை விடப் பின்புறம் அதிகம் பேசும். இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் சேகரிப்பில் இருந்த பல ஓவியங்களின் பின்புறத்தில், மணிமுடியும் அதன் கீழே ‘சி ஆர்’ (லத்தீனில் ‘அரசர் சார்லஸ்’) என்ற எழுத்துகளும் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டிருக்கும். இத்தாலியக் குடும்பங்களும் சுங்க அதிகாரிகளும் பதித்த அரக்கு முத்திரைகள், வணிகர்கள் ஒட்டிய காகிதச் சீட்டுகள், சுண்ணக்கட்டியால் எழுதிய ஏல எண்கள், லண்டனின் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் அச்சுத்தகட்டை வைத்து கறுப்பு மையில் இட்ட சரக்கு எண்கள் ஆகியவையும் கிடைக்கும். கிறிஸ்டிஸ் எண் ஒன்று தெளிவாக இருந்தால், அது எந்த ஆண்டில் யார் பெயரில் ஏலத்துக்கு வந்தது என்பதை அந்த நிறுவனத்தின் பழைய ஏடுகளிலிருந்து பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடிகிறது.

சேகரிப்பாளர்களின் முத்திரைகளை அடையாளம் காண டச்சு அறிஞர் பிரிட்ஸ் லுக்ட் 1921இல் வெளியிட்ட தொகுப்பே இன்றும் அடிப்படை. அது முதன்மையாகக் கோட்டோவியங்களுக்கும் அச்சுப் படங்களுக்கும் உரியது என்றாலும், அதே சேகரிப்பாளர் ஓவியங்களிலும் அதே முத்திரையை இட்டிருப்பது உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். பலகையின் பின்புறத்தைச் சீவி மெல்லியதாக்கி மரச்சட்டம் பொருத்துவது 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த பழக்கம். அதோடு சேர்ந்து முந்நூறு, நானூறு ஆண்டு அடையாளங்களும் சீவித் தள்ளப்பட்டன. மேலும், சட்டகத்தில் உள்ள சீட்டு அந்தச் சட்டகத்துக்குத்தான் சாட்சி. சட்டகங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தவை.

ஆர்னோல்ஃபினி ஓவியம் யார் யாரிடம் இருந்தது?

ஓக் மரப் பலகையில் வரையப்பட்ட இந்த ஓவியம் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பச்சை உடை அணிந்த பெண்ணும், கறுத்த பெரிய தொப்பி அணிந்த ஆணும் கைகோத்து ஓர் அறையில் நிற்கிறார்கள். பின்சுவரில் ஒரு குவி ஆடி. அதற்கு மேலே "யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434" என்று பொருள்படும் லத்தீன் வரி.

ஆவணத்தில் நமக்குத் தெரியவரும் முதல் உடைமையாளர் டியேகோ தெ குவேவாரா. ஸ்பெயினைச் சேர்ந்தவரான இவர், பர்கண்டி அரசவையில் நெடுங்காலம் பணியாற்றினார். இவர் இந்த ஓவியத்தை நெதர்லாந்தை ஆண்டுவந்த ஆஸ்திரியாவின் மார்கரெட்டுக்குப் பரிசளித்தார். மெக்கலன் நகரில் மார்கரெட்டின் உடைமைகளை 1516இல் பட்டியலிட்ட எழுத்தர், "ஒரு பெரிய ஓவியம், ஹெர்னூல் லெ ஃபின் என்பவர் தம் மனைவியோடு ஓர் அறையில் இருப்பது, டான் டியேகோ அம்மையாருக்குக் கொடுத்தது, அவருடைய குலச்சின்னம் ஓவியத்தின் மூடியில் உள்ளது, ஓவியர் யோஹானஸ் செய்தது" என்ற கருத்துப்பட எழுதிவைத்தார். பக்கத்து ஓரத்தில், இதை மூடிவைக்க ஒரு பூட்டு போட வேண்டும், அம்மையார் அவ்வாறே உத்தரவிட்டிருக்கிறார் என்ற குறிப்பும் இருக்கிறது. 1523–24இல் எழுதப்பட்ட அடுத்த பட்டியல் இரண்டு கதவுகளைப் பற்றியும், இருவரும் ஒருவர் கையை ஒருவர் தொட்டுக்கொண்டு நிற்பதைப் பற்றியும் சொல்லி, அந்த மனிதரின் பெயரை ‘ஆர்னூல் ஃபின்’ என்று குறிக்கிறது.

1530இல் மார்கரெட் இறந்தபின் ஓவியம் அவருடைய அண்ணன் மகளான ஹங்கேரியின் மேரியிடம் வந்தது. மேரி 1556இல் நெதர்லாந்தை விட்டு ஸ்பெயினுக்குச் சென்றபோது ஓவியமும் உடன் சென்றது. 1558இல் அவர் மறைந்தபின் தயாரான பட்டியலில், கதவுகள், ஆடி, குவேவாராவின் குலச்சின்னம், ஓவியர் பெயர், 1434 என்ற ஆண்டு ஆகிய அனைத்தும் இடம்பெற்றுள்ளன. அடுத்து அது மேரியின் அண்ணன் மகனான ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்புக்குப் போயிற்று. இரண்டு தலைமுறை தொடர்ந்து, பிள்ளையில்லாத அத்தையிடமிருந்து அண்ணன் பிள்ளைக்கு வந்த சொத்து இது. 1599இல் யாகோப் குவெல்விஸ் என்ற ஜெர்மானியப் பயணி மாட்ரிட் அல்காசார் அரண்மனையில் இதைப் பார்த்து, சட்டகத்தில் ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் வரிகள் எழுதப்பட்டிருந்ததாகக் குறித்துவைத்தார். 1700இல் இரண்டாம் கார்லோஸ் இறந்தபின் எடுத்த பட்டியலில் அது மீண்டும் வருகிறது. அல்காசார் 1734இல் தீக்கிரையானபோது நூற்றுக்கணக்கான ஓவியங்கள் அழிந்தன, இது தப்பியது. 1794இல் மாட்ரிட்டின் புதிய அரண்மனையில் இருந்தது.

அதன்பிறகு 1816இல் லண்டனில், ஜேம்ஸ் ஹே என்ற ஸ்காட்லாந்துப் படை அதிகாரியின் கையில் இருக்கிறது. 1842இல் நேஷனல் கேலரி சுமார் 600 பவுண்டுக்கு வாங்கி 186 என்ற எண்ணைக் கொடுத்தது.

அந்தப் பட்டியல்கள் சொல்வது இதே ஓவியத்தைத்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 1842இல் ஓவியம் வாங்கப்பட்டபோது அதில் இருப்பவர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. 1558ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே பெயர் விடுபட்டுவிட்டது. 1857இல் குரோ, கவல்கசெல் என்ற இரு ஆய்வாளர்கள்தான் லண்டன் ஓவியத்தையும் மார்கரெட்டின் பட்டியல்களையும் இணைத்துப் பார்த்தார்கள்.

அந்த இணைப்பு நிலைபெற்றதற்குக் காரணம் ஓவியரின் பெயர் மட்டுமல்ல. அறையில் நிற்கும் ஆணும் பெண்ணும், கைகோத்திருப்பது, அவர்களைக் காட்டும் ஆடி, 1434 என்ற ஆண்டு என்று தனித்தனியான அடையாளங்கள் அனைத்தும் ஒருங்கே பொருந்துகின்றன. பட்டியல்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது இன்னும் முக்கியமானது: மெக்கலன் எழுத்தரும் ஸ்பானிய எழுத்தரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வேறு வேறு மொழியில் எழுதியவர்கள், ஆனாலும் இருவரும் குவேவாராவின் குலச்சின்னம் தாங்கிய மூடுகதவுகளைக் குறிப்பிடுகிறார்கள்.

1700ஆம் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். எழுதியவருக்கு வான் ஐக் யாரென்றே தெரிந்ததாகத் தோன்றவில்லை. பச்சை உடுத்திய, கருவுற்ற ஜெர்மானியப் பெண் ஒருத்தி ஓர் இளைஞனுக்குக் கை கொடுப்பதாகவும், அவர்கள் இரவில் மணம் புரிந்துகொள்வதுபோல் தோன்றுவதாகவும், சட்டகத்தில் உள்ள ஓவிட்டின் வரிகள் அவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வாறு ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்வதாகவும், கதவுகள் மணிக்கல் போலத் தோன்றும்படி வண்ணம் பூசப்பட்டவை என்றும் எழுதி, மதிப்பு 16 டப்ளூன் (ஸ்பானியப் பொற்காசு) என்று போட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார். ஓவியரின் பெயரே இல்லாத இந்தக் குறிப்பை நான் மிகவும் நம்புகிறேன். எதையும் விற்க நினைக்காத, யாரையும் கவர வேண்டிய தேவையில்லாத ஒருவர் கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார். பெரிய பெயரை மட்டும் சொல்லி அடையாளம் எதையும் சொல்லாத ஆவணத்தைவிட, பெயரே சொல்லாமல் பொருளைச் சரியாக விவரிக்கும் ஆவணம் உடைமை வரலாற்றுக்குப் பெரிய சொத்து.

ஸ்பெயின் அரசரின் ஓவியம் லண்டனுக்கு எப்படி வந்தது?

ஹே சொன்ன கதை இது. 1815இல் வாட்டர்லூ போரில் பலத்த காயமடைந்து, பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றபோது, படுத்திருந்த அறையில் இந்த ஓவியம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மனம் பறிகொடுத்து, வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காயம் உண்மை. பிரஸ்ஸல்ஸ் அறைக்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. மாட்ரிட் அரண்மனையில் 1794இல் இருந்த ஓவியம் பிரஸ்ஸல்ஸ் வீடொன்றின் சுவருக்கு எப்படிப் போயிற்று என்பதற்கும் விளக்கம் இல்லை. ஆனால் ஹேயின் வாழ்க்கையில் வேறொரு போர் இருக்கிறது. ஸ்பெயினின் அரியணையில் நெப்போலியனால் அமர்த்தப்பட்ட அவருடைய அண்ணன் ஜோசப் போனபார்ட், 1813இல் மாட்ரிட்டை விட்டு வெளியேறியபோது அரச சேகரிப்பிலிருந்து எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய ஓவியங்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார். ஜூன் 21ஆம் நாள் வித்தோரியா என்ற இடத்தில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை அவரைத் தோற்கடித்தது. ஜோசப் தப்பியோட, விட்டுச்சென்ற வண்டிகளை வென்ற படையினர் சூறையாடினார்கள். அந்தப் போரில் ஹேயும் இருந்தார்.

ஆகவே ஓவியம் வித்தோரியாவில் அவர் கைக்கு வந்திருக்கும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது: மாட்ரிட்டில் இருந்த பொருள், மாட்ரிட்டிலிருந்து புறப்பட்ட வண்டிகள், அவற்றைக் கைப்பற்றிய படையில் இருந்த அதிகாரி, மூன்றே ஆண்டுகளில் அவருடைய கையில் அதே பொருள். ஆனாலும் இது ஊகம்தான். ஹே எந்த வண்டியிலிருந்து எதை எடுத்தார் என்று சொல்லும் காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. உடைமை வரலாற்றில் இந்த இடத்தை எழுதுகிறவர் இரண்டையும் சொல்ல வேண்டும்: இது ஹேயின் கூற்று, இது சூழ்நிலைச் சான்று.

ஹேக்கு அந்த ஓவியத்தை விற்பதும் எளிதாக இருக்கவில்லை. ஓவியர் தாமஸ் லாரன்ஸ் வழியாக இளவரசர் ரீஜென்ட்டுக்கு, அதாவது பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆனவருக்கு, அதைக் காட்டினார். இளவரசர் சுமார் இரண்டு ஆண்டுகள் கார்ல்ட்டன் ஹவுஸ் மாளிகையில் வைத்துப் பார்த்துவிட்டு 1818இல் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஹே அதை ஒரு நண்பரிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு ஏறத்தாழ 13 ஆண்டுகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1841இல் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்ட பிறகுதான் நேஷனல் கேலரியின் கவனம் அதன்மேல் விழுந்தது. மனம் பறிகொடுத்து வாங்கியவரின் நடத்தை இது என்று நம்புவது சற்றுக் கடினம்.

அப்படியானால் அது கொள்ளைப் பொருள்தானே?

ஹே வித்தோரியாவில் எடுத்திருந்தால், ஸ்பெயின் அரசின் உடைமையை அனுமதியின்றி எடுத்தார் என்றுதான் பொருள். அதே போரில் கைப்பற்றிய மற்ற ஓவியங்களுக்கு நடந்தது வேறு. வெலிங்டன் அவற்றைப் பாதுகாப்பாக லண்டனுக்கு அனுப்பினார். அவை ஸ்பெயின் அரச சேகரிப்பைச் சேர்ந்தவை என்று தெரிந்ததும், திருப்பித் தருவதாக அரசர் ஏழாம் ஃபெர்னான்டோவுக்குத் தெரிவித்தார். நேர்மையான, கண்ணியமான வழியில் வந்துசேர்ந்ததைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று 1816இல் பதில் வந்தது. லண்டன் ஆப்ஸ்லி ஹவுஸில் இருக்கும், ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் தண்ணீர் விற்பவர் ஓவியமும் கொரெஜ்ஜியோவின் ஓவியமும் அவ்வாறு நின்றவை. வெலிங்டனின் ஓவியங்களுக்கு இந்தக் கடிதம் இருக்கிறது. ஹேயின் ஓவியத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே போர்க்களத்திலிருந்து வந்த இரு ஓவியங்களின் நிலை வேறுபடுவதற்கு ஒரு கடிதமே காரணமாக இருக்க முடியும்.

உடைமை வரலாற்றால் ஓவியத்தின் பொருளே மாறுமா?

இந்த ஓவியத்தில் பலமுறை மாறியிருக்கிறது. முதலாவது, பெயர். மெக்கலன் பட்டியல்களில் உள்ள பெயரை வைத்து, இத்தாலியின் லூக்கா நகரிலிருந்து வந்து புரூஷ் நகரில் வணிகம் செய்த ஜியோவான்னி தி அர்ரிகோ ஆர்னோல்ஃபினியும் அவர் மனைவி ஜியோவான்னா செனாமியும்தான் இவர்கள் என்று நூறாண்டுக்கு மேல் எல்லோரும் எழுதிவந்தார்கள். 1934இல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி இதை ஒரு திருமணச் சான்றாகவே படித்து வெளியிட்ட கட்டுரை மிகவும் புகழ்பெற்றது. 1997இல் ஜாக் பவியோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆவணம், அந்தத் திருமணம் 1447இல்தான் நடந்தது என்று காட்டியது. ஓவியம் வரையப்பட்டு 13 ஆண்டுகள் கழிந்தபின். வான் ஐக் இறந்து ஆறு ஆண்டுகள் கழிந்தபின். இப்போது பெரும்பாலோர், இவர் அந்த வணிகரின் உறவினரான ஜியோவான்னி தி நிக்கொலாவோ ஆர்னோல்ஃபினி என்று கருதுகிறார்கள். அவர் மனைவி கோஸ்தான்சா 1433ஆம் ஆண்டுக்குள்ளேயே இறந்துவிட்டார் என்பதால், படத்தில் இருப்பது பதிவாகாத இரண்டாவது மனைவியா, அல்லது மறைந்த மனைவியின் நினைவா என்ற விவாதம் தொடர்கிறது. பட்டியல் கொடுத்தது குடும்பப் பெயரை மட்டுமே. அதற்குமேல் ஒரு முழு மனிதரைக் கட்டி எழுப்பியது பிற்கால ஆய்வாளர்கள்.

இரண்டாவது, வடிவம். இன்று நாம் பார்ப்பது திறந்த பலகை. முற்காலத்தில் அதற்குக் கதவுகளும் பூட்டும் இருந்தன. மூடிவைத்து, வேண்டியபோது திறந்து காட்டிய பொருள் அது. கதவுகளும் பழைய சட்டகமும் இப்போது இல்லை. ஓவிட்டின் காதல் வரிகள் வான் ஐக்கின் காலத்தவையா, பிற்காலத்தில் யாரோ எழுதிச் சேர்த்தவையா என்று தீர்மானிக்க வழியும் இல்லை.

மூன்றாவது, செல்வாக்கு. 1656இல் வெலாஸ்கெஸ் மாட்ரிட் அரண்மனையில் லாஸ் மெனினாஸ் ஓவியத்தை வரைந்து, அதன் பின்சுவரில் அரசரையும் அரசியையும் ஓர் ஆடியில் காட்டினார். அதே அரண்மனைச் சேகரிப்பில் வான் ஐக்கின் ஆடி இருந்தது என்பது உடைமை வரலாற்றிலிருந்தே தெரிகிறது. இல்லாவிட்டால் அந்த ஒப்பீடு வெறும் கற்பனையாக நின்றிருக்கும்.

இடையில் நூறு ஆண்டுகளுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால் ஓவியம் சந்தேகத்துக்கு உரியதா?

இடைவெளி இருப்பது குற்றமல்ல. ஐந்நூறு ஆண்டு வயதுள்ள ஓவியங்களில் முழுச் சங்கிலியும் கிடைப்பவை மிகச் சில. வான் ஐக்கின் இந்த ஓவியத்துக்கே 1434 முதல் குவேவாராவின் கைக்கு வரும்வரை ஆவணம் இல்லை. இடைவெளியை மூடி மறைத்து எழுதுவதே தவறு.

லியனார்டோ வரைந்ததாகச் சொல்லப்படும், கிறிஸ்துவைக் காட்டும் சால்வதோர் முண்டி ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பரில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 45 கோடி டாலருக்கு விற்றபோது, அது முதலாம் சார்லஸின் சேகரிப்பில் இருந்து 1763இல் லண்டன் ஏலமொன்றில் விற்கப்பட்டதாக வரலாறு சொல்லப்பட்டது. 1763க்கும், சேகரிப்பாளர் பிரான்சிஸ் குக் அதை வாங்கிய 1900க்கும் நடுவே எதுவும் இல்லை. 1958இல் அது 45 பவுண்டுக்கு விலைபோனது. 2005இல் நியூ ஆர்லியன்ஸில் 1,175 டாலருக்கு வாங்கப்பட்டது. 1900க்குப் பிந்தைய பகுதி உறுதியானது. அதற்கு முந்தைய பகுதியில் இருப்பவை "லியனார்டோ செய்த கிறிஸ்து" என்பது போன்ற குட்டை வரிகள். ஆடி, கதவு, பச்சை உடை போன்ற அடையாளங்கள் அவற்றில் இல்லை. போதாக்குறைக்கு, மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் லியனார்டோவின் சீடர் ஜியாம்பியெத்ரினோவுடையதாகக் கருதப்படும் சால்வதோர் முண்டி ஒன்றின் பின்புறத்தில் சார்லஸின் சூட்டு முத்திரையே இருக்கிறது. சார்லஸின் பட்டியல் சொல்வது எந்த ஓவியம் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

1933 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை ஏன் தனியாகக் கேட்கிறார்கள்?

நாஜி ஆட்சியில் யூதக் குடும்பங்களின் கலைப்பொருட்கள் பறிக்கப்பட்டன. மிரட்டி அற்ப விலைக்கு எழுதி வாங்கப்பட்டன. 1998 டிசம்பரில் வாஷிங்டனில் 44 நாடுகள் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளுக்குப் பிறகு, அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஓவியம் ஐரோப்பாவில் எங்கே இருந்தது என்பதைத் தனியே ஆராய்வது பெரிய அருங்காட்சியகங்களில் வழக்கமாகிவிட்டது.

ஒரு வழக்கு போதும், சிக்கல் விளங்கும். ஜெர்மானிய ஓவியர் லூக்காஸ் கிரானாக் 1530ஐ ஒட்டி வரைந்த ஆதாம், ஏவாள் என்ற இரு பலகைகளை ஆம்ஸ்டர்டாமின் யூதக் கலை வணிகர் ஜாக் கௌட்ஸ்டிக்கர் 1931இல் பெர்லினில் சோவியத் அரசு நடத்திய விற்பனையில் வாங்கினார். 1940 மே மாதம் நாஜிகளிடமிருந்து தப்பியோடும் வழியில் கப்பலில் தவறி விழுந்து இறந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைக் குறித்து வைத்திருந்த சிறிய குறிப்பேடு அவரிடம் இருந்தது. அவருடைய சேகரிப்பை நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் கைப்பற்றினார். போருக்குப்பின் ஓவியங்கள் டச்சு அரசிடம் வந்தன; 1966இல் டச்சு அரசு கிரானாக் பலகைகளை ஸ்ட்ரோகனாஃப் என்ற ரஷ்யப் பிரபுக் குடும்பத்தின் வாரிசு ஒருவருக்கு விற்றது; அவரிடமிருந்து 1971இல் கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 2006இல் டச்சு அரசு அந்தக் குறிப்பேட்டின் துணையோடு சுமார் 200 ஓவியங்களை கௌட்ஸ்டிக்கரின் வாரிசுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் கிரானாக் பலகைகளுக்கான அமெரிக்க வழக்கில், டச்சு அரசு செய்த விற்பனையைத் தாங்கள் செல்லாததாக்க முடியாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. உடைமைச் சங்கிலி தெள்ளத் தெளிவாகத் தெரிந்தும் உரிமைக் கேள்வி வேறு வழியில் முடிந்த வழக்கு இது. வரலாற்றை நிறுவுவதும் உரிமையைத் தீர்மானிப்பதும் இரு வேறு வேலைகள்.

ஆவணங்களையே போலியாகத் தயாரிக்க முடியாதா?

முடியும், செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஜான் ட்ரூ என்பவர் போலி ஓவியங்களுக்கு ஏற்ற போலிக் காகிதங்களை டேட் அருங்காட்சியக ஆவணக் காப்பகத்திலேயே நுழைத்துவைத்து, 1999இல் சிறை சென்றார். அவை இருபதாம் நூற்றாண்டு ஓவியங்கள் என்றாலும் பாடம் எல்லோருக்கும் பொது. காப்பகத்தில் இருப்பதாலேயே ஓர் ஆவணம் உண்மையாகிவிடாது. காகிதம், மை, கையெழுத்து, அதே கோப்பின் மற்ற தாள்கள் ஆகியவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்று, விற்பவரிடமிருந்து வராத சான்றைத் தேடுவது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் காகிதங்களை நம்பி வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் கோயிலில் எடுத்துவைத்திருந்த புகைப்படம் அந்தக் காகிதங்களைப் பொய்யாக்க உதவியது. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. ஓவியங்களுக்கும் பழைய புகைப்படத் தொகுப்புகள் இதே பணியைச் செய்கின்றன.

அறிவியல் சோதனைகள் உடைமை வரலாற்றைக் கண்டுபிடித்துத் தருமா?

நேரடியாகத் தராது. பலகையின் மரவளையங்களை அளந்து, மரம் எந்த ஆண்டுக்குப் பிறகு வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லலாம். அகச்சிவப்புப் படத்தில், வண்ணத்துக்கு அடியில் உள்ள அடிவரைவைப் பார்க்கலாம். "இது 1434இல் இருந்திருக்க முடியுமா" என்ற கேள்விக்கு அவை உதவும். 1700இல் யாரிடம் இருந்தது என்பதை மரம் சொல்லாது.

வீட்டிலிருந்தபடியே தேட முடியுமா?

தொடக்கநிலைத் தேடலுக்கு முடியும். கெட்டி ஆய்வு நிறுவனத்தின் உடைமை வரலாற்றுத் தரவுத்தளத்தில் பழைய பொருட்பட்டியல்களும் ஏலப் பதிவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. லுக்ட்டின் முத்திரைத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. டச்சு, ஃபிளெமிஷ் ஓவியங்களுக்கு தி ஹேக் நகரின் ஆர்.கே.டி. நிறுவனம், நாஜிக் காலத் தேடலுக்கு ஜெர்மனியின் லாஸ்ட் ஆர்ட் தரவுத்தளம். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்: எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், ஆர்னோல்ஃபினி ‘ஹெர்னூல் லெ ஃபின்’ ஆனது அப்படித்தான். படத்தில் என்ன இருக்கிறது என்பதை, அந்தந்த மொழியில், எழுத்தர் எழுதியிருக்கக்கூடிய எளிய சொற்களில் தேடுங்கள். அளவையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டகத்தோடு அளந்தார்களா, சட்டகம் இல்லாமல் அளந்தார்களா என்பதை மறக்க வேண்டாம்.

கண்டுபிடித்ததை எப்படி எழுதுவது?

பழமையான உடைமையாளரில் தொடங்கி, காலவரிசையில், ஒவ்வொருவரின் பெயர், ஊர், ஆண்டு, கைமாறிய விதம் ஆகியவற்றை எழுதுவது வழக்கம். அமெரிக்க அருங்காட்சியகங்கள் பின்பற்றும் ஒரு மரபு மிகவும் பயனுள்ளது: ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நேரடியாகப் போனது உறுதி என்றால் நடுவில் அரைப்புள்ளி, உறுதி இல்லையென்றால் முற்றுப்புள்ளி. அந்த மரபில் ஆர்னோல்ஃபினி ஓவியத்தைச் சுருக்கமாக எழுதினால் இப்படி வரும்:

டியேகோ தெ குவேவாரா (இறப்பு 1520), 1516க்குள் பரிசாக; ஆஸ்திரியாவின் மார்கரெட், மெக்கலன், 1530 வரை; ஹங்கேரியின் மேரி, 1556 முதல் ஸ்பெயினில், 1558 வரை; இரண்டாம் ஃபிலிப்பும் அவருக்குப் பின்வந்த ஸ்பெயின் அரசர்களும், மாட்ரிட், குறைந்தது 1794 வரை. ஜேம்ஸ் ஹே, லண்டன், 1816க்குள் (1815இல் பிரஸ்ஸல்ஸில் வாங்கியதாக அவருடைய கூற்று, 1813 வித்தோரியா போரில் கிடைத்திருக்கலாம்); நேஷனல் கேலரி, லண்டன், 1842இல் விலைக்கு வாங்கியது.

1794க்கும் ஹேயின் பெயருக்கும் நடுவில் இருப்பது முற்றுப்புள்ளி. மாட்ரிட்டிலோ பாரிஸிலோ வேறெங்கோ ஒரு காகிதம் கிடைக்கும்வரை அதை அரைப்புள்ளியாக்க யாருக்கும் உரிமை இல்லை.